ஒரே மாதிரி தெரியும் இரண்டு அலுமினிய மிதவைப் படகுகள்: எதை வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் முதுநகரில் அலுமினியம் பட்டறை வைத்திருக்கிறேன். ஜன்னல், கேட், கடை முகப்பு, இதுதான் என் பிழைப்பு. படகு என் தொழில் இல்லை. நோணாங்குப்பத்தில் ஆற்றோரம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் மச்சினன் ஒருநாள் இரண்டு படகுகளின் விவரத்தாளைக் கொண்டுவந்து மேஜையில் போட்டு, "மாமா, ரெண்டும் ஒண்ணுதானே? விலை மட்டும் ஏன் இவ்வளவு எட்டி நிக்குது?" என்று கேட்டான். அதிலிருந்து ஆரம்பித்தது. அந்த இரண்டையும் நேரில் போய்க் குனிந்து, படுத்து, தட்டிப் பார்த்த பிறகு, தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதி வைப்பது மேல்.

எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. ஒன்றைச் சின்னது என்றும் மற்றதைப் பெரியது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் 5 மீட்டர் நீளம், இரண்டு டியூப், தாளில் இரண்டுக்கும் "6 பேர், 20 ஹெச்.பி. வரை" என்றுதான் போட்டிருந்தது. சின்னதின் அகலம் 2.1 மீட்டர், டியூப் விட்டம் 50 செ.மீ., தகடு 2 மி.மீ., டியூப் ஒன்றுக்கு 3 அறை, எல்லாம் போல்ட் போட்டுச் சேர்ப்பது. பெரியது 2.4 மீட்டர் அகலம், டியூப் 58 செ.மீ., தகடு 2.5 மி.மீ., 4 அறை, முழுக்க வெல்டிங்.

பாண்டூன் படகு என்றால் என்ன? ஃபைபர் போட்டிலிருந்து எப்படி வேறு?

காற்று அடைத்த இரண்டு அலுமினிய டியூப், அவற்றின் மேல் குறுக்குச் சட்டம், அதன் மேல் தட்டையான தளம், சுற்றிக் கம்பி. அவ்வளவுதான். ஃபைபர் போட்டில் நாம் படகுக்குள் உட்கார்கிறோம், இதில் மேலே உட்கார்கிறோம். அலை அடித்துத் தண்ணீர் ஏறினாலும் வழிந்து ஓடிவிடும், இறைக்க வேண்டாம். கட்டுமரமும் அதே குணம்தான். மரத்தை மரத்தோடு சேர்த்துக் கட்டி அதன் மேல் நின்றவர்களுக்கு இந்தப் படகு புதிதாகத் தெரியாது. ஆங்கிலத்துக் கேட்டமரானே நம் கட்டுமரம் என்ற சொல்லிலிருந்து போனதுதானே.

நீளமும் ஒன்று, ஆள் கணக்கும் ஒன்று. அப்படியென்றால் வித்தியாசம் எங்கே?

தளத்துக்குக் கீழே. விவரத்தாளில் முதலில் தேட வேண்டியது டியூபின் விட்டம். 50-க்கும் 58-க்கும் 8 செ.மீ.தானே என்று தோன்றும். ஆனால் வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பள்ளிக்கூடக் கணக்குதான்.

50 செ.மீ. டியூப், 5 மீட்டர் நீளம்: கொள்ளளவு ஏறக்குறைய 980 லிட்டர். அதாவது முழுக்க முங்கினால் 980 கிலோவைத் தாங்கும். இரண்டுக்கும் சேர்த்து 1,960 கிலோ. 58 செ.மீ. டியூப் ஒன்று 1,320 லிட்டர், இரண்டு சேர்ந்து 2,640 கிலோ. உப்புத் தண்ணீரில் இரண்டு, மூன்று சதவீதம் கூடும். முனை கூம்பாக இருப்பதால் கொஞ்சம் குறையும். இரண்டையும் விட்டுவிடலாம்.

இப்போது பாரத்தைப் பாருங்கள். சின்னப் படகின் எடை 450 கிலோ, மோட்டார் 50, பெட்ரோல், பேட்டரி, நங்கூரம், கயிறு எல்லாம் 60, ஆறு பேர் 390. மொத்தம் 950 கிலோ. அப்போது டியூபில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீருக்குள். பாதிக்கு மேல் முங்கவிடக் கூடாது என்பதை நான் எல்லையாக வைத்துக்கொள்கிறேன், அந்தக் கணக்கில் சின்னது ஆறாவது ஆள் ஏறியதுமே எல்லையில் நிற்கிறது. பெரியது 40 கிலோ கூடுதல் எடை, மொத்தம் 990. ஆனாலும் 37 சதவீதம்தான் முங்குகிறது. எல்லைக்கு வர இன்னும் ஐந்து பேர் ஏற வேண்டும். ஏற்றச் சொல்லவில்லை, இடம் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிறேன்.

ஆக, இரண்டு தாளிலும் "6 பேர்" என்று அச்சடித்திருந்தாலும் ஒன்றில் அது உச்சம், மற்றதில் அது சாதாரண நாள்.

பெரிய டியூப் என்றால் ஆழம் அதிகம் வேண்டுமே? நம் ஆறு வற்றத்தில் முழங்கால் தண்ணீர்தானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டால் தலைகீழ். ஆறு பேரோடு சின்னது 24 செ.மீ. முங்குகிறது, பெரியது 23. பருத்த டியூப் குறைந்த ஆழத்திலேயே அதே தண்ணீரை ஒதுக்கிவிடுகிறது. வித்தியாசம் மேலேதான்: சின்னதில் தண்ணீருக்கு மேல் 26 செ.மீ. டியூப் தெரியும், பெரியதில் 35.

ஆழத்தை முடிவு செய்வது டியூப் அல்ல, மோட்டாரின் விசிறி. அது டியூபுக்குக் கீழே தொங்கும். சுண்ணாம்பாற்றிலும் கெடிலம் முகத்துவாரத்துக்கு உள்ளேயும் மணல் திட்டு வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும். போன தையில் போன வழி இந்தத் தையில் இருக்காது. மோட்டாரைத் தூக்கிவிட்டுத் துடுப்பில் தள்ளத் தெரிந்திருக்க வேண்டும். நீள மூங்கில் கழி ஒன்று படகில் எப்போதும் கிடக்கட்டும்.

ஆறு பேரும் ஒரே பக்கம் போய்விட்டால் கவிழுமா?

மீன்கொத்தியைப் பார்த்து ஒருத்தர் "அங்க பாருங்க" என்றால் எல்லோரும் எழுந்து அந்தப் பக்கம் போவார்கள். போகாதீர்கள் என்று சொல்லலாம், நடக்காது. படகு அதைத் தாங்க வேண்டும்.

இதற்கும் கணக்குப் பார்த்தேன். ஆறு பேரும் ஒரு பக்கக் கம்பியோரம் போய் நின்றால் சின்னதில் அந்தப் பக்க டியூப் 68 சதவீதம் முங்கும். பெரியதில் 53. இரண்டும் கவிழாது. ஆனால் அந்த நேரம் ஒரு விசைப்படகு பக்கத்தில் போய் அலை அடித்தால் 68-ல் நிற்கிற படகில் நான் இருக்க விரும்ப மாட்டேன். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் நகர்ந்தார்கள் என்றே அப்போது சொல்லப்பட்டது. அது இரண்டடுக்குப் படகு, நம்முடையது தாழ்வானது, ஒப்பிட முடியாதுதான். ஜனங்களின் பழக்கம் ஒன்றுதான்.

பக்கவாட்டைவிட நான் பயப்படுவது முன்பக்கத்துக்கு. எல்லோரும் அணியத்தில் போய் செல்ஃபி எடுக்க நிற்க, ஓட்டுகிறவர் திடீரென்று வேகத்தைக் குறைத்தால் மூக்கு தண்ணீருக்குள் போகும். தளம் தட்டை, அலையைப் பிளக்க அங்கே ஒன்றும் இல்லை. தண்ணீர் அப்படியே உள்ளே வரும். முன் கேட்டைத் தாண்டி யாரும் நிற்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

டியூபில் அறை எத்தனை என்று ஏன் கேட்கிறீர்கள்?

ஓட்டை விழுந்தால் ஓர் அறையோடு நிற்க வேண்டும் என்பதற்காக. சின்னதில் ஓர் அறை நிரம்பினால் 325 கிலோ தாங்கும் சக்தி போகும், சாய்ந்தபடி கரை வந்துவிடலாம். தடுப்பே இல்லாத டியூபில் ஓட்டை விழுந்தால் ஒரு பக்கமே போய்விடும். சந்தையில் அப்படியும் விற்கிறார்கள்.

அறை இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது. ஒவ்வோர் அறைக்கும் தனித் திருகு மூடி இருக்கிறதா என்று எண்ணுங்கள். நாங்கள் பார்க்கப் போனபோது சின்னப் படகின் இடது டியூபை இரண்டு பேர் முன்பக்கம் தூக்கி இறக்கினோம். உள்ளே களக்கென்று சத்தம். விற்கிறவர் முகம் மாறாமல், "அது வேர்வைத் தண்ணி சார், அலுமினியம்னா அப்படித்தான்" என்றார். வேர்வை ஒரு டம்ளர் இருக்கும், குடம் கணக்கில் இருக்காது. சைக்கிள் பம்பை மூடித் துளையில் பொருத்தி மிகக் குறைந்த அழுத்தத்தில், 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல் காற்று விட்டு, வெல்டிங் கோடு முழுக்க சோப்புத் தண்ணீர் தடவினோம். மூன்றாவது குறுக்குச் சட்டத்துக்கு அடியில் கடுகு அளவு நுரை விடாமல் பூத்துக்கொண்டே இருந்தது. கம்ப்ரஸரை வைத்து அடிக்காதீர்கள், டியூப் உப்பிவிடும்.

அந்த இடத்தை அரைத்துத் திரும்பப் பற்றவைத்த பிறகுதான் மேற்கொண்டு பேசினோம்.

அலுமினியம் துருப்பிடிக்காதே. உப்புத் தண்ணீரில் என்ன கவலை?

துருப்பிடிக்காது, அரிக்கும். என் பட்டறைக்கு வரும் கேள்விகளில் இதுதான் அதிகம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் எந்த அலுமினியம் என்று கேளுங்கள். டியூப் தகடு 5052 அல்லது 5083 ஆக இருக்க வேண்டும், இவை மெக்னீசியம் கலந்தவை, உப்பைத் தாங்கும். ஜன்னலுக்கு நாங்கள் போடும் 6063 கம்பி, கைப்பிடிக்குச் சரி, தண்ணீருக்கடியில் வேண்டாம். "மரைன் கிரேடு" என்று மட்டும் எழுதி எண் போடாத தாளை நம்ப மாட்டேன்.

தகடு நல்லதாகவே இருந்தாலும், உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும். எவர்சில்வரோ செம்போ தொட்டால் கரைவது அலுமினியம்தான். எவர்சில்வர் போல்டை அப்படியே முறுக்கினால் ஒரு மழைக்காலத்தில் அதைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். 316 எவர்சில்வர், நைலான் வாஷர், போல்டின் மரையில் காப்புப் பசை, இந்த மூன்றும் வேண்டும். பெரியதில் போல்ட் கொஞ்சம்தான். சின்னதில் தளத்துக்கும் டியூபுக்கும் இடையே மட்டும் 48 எண்ணினேன். ஒவ்வொன்றும் பார்க்க வேண்டிய இடம்.

செம்பு இன்னும் மோசம். ஸ்பீக்கருக்கு ஒயர் இழுத்த எலக்ட்ரீஷியன் வெட்டிய நுனிகளை அப்படியே போட்டுவிட்டுப் போன ஒரு படகு பழுதுக்கு வந்தது. தளத்துக்கும் டியூபுக்கும் நடுவில், நகக்கண் அளவு செம்புத் துண்டு. அதை எடுத்தால் கீழே பள்ளம், பள்ளத்தைக் குத்தூசியால் தொட்டேன், உள்ளே போய்விட்டது. செம்பு கலந்த பெயிண்டையும் தடவக் கூடாது. சிப்பி ஒட்டாமலிருக்க ஃபைபர் போட்டுக்கு அடிப்பதை இதற்கும் அடிக்கிறேன் என்று பெயிண்டர் சொன்னால் நிறுத்துங்கள். செம்புச் சத்து ஏற்றிய மருந்துப் பலகையைத் தளத்துக்குப் போடுவதும் அதே தப்பு. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைக்கும் செம்பு மருந்து ஏற்றியிருக்கலாம், கேட்டு வாங்குங்கள், விளிம்பையும் நன்றாக அடைத்துவிடுங்கள்.

அப்புறம் ஆனோடு. படகுக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகும் உலோகத் துண்டு அது. நல்ல தண்ணீருக்கு மெக்னீசியம், கடலுக்குத் துத்தநாகம் என்று விற்பார்கள். நம் உப்பங்கழி ஐப்பசியில் நல்ல தண்ணீர், சித்திரையில் கடல். இரண்டுக்கும் ஒத்துப்போவது அலுமினிய ஆனோடுதான். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். ஒரு வருஷமாகியும் அப்படியே பளபளவென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது சரியாகத் தொடுப்பில் இல்லை.

போல்ட் போட்டதா, வெல்டிங் வைத்ததா?

உறுதிக்கு வெல்டிங். ஆர்கான் வெல்டிங் தையல், மீன் செதில் அடுக்கினது போல ஒரே சீராக இருக்க வேண்டும். கறுத்துப் பொரிந்த இடம் இருந்தால் அங்கே ஈரமோ எண்ணெயோ இருந்திருக்கிறது. பற்றவைக்க எந்தக் கம்பி போட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், 5356 என்று பதில் வந்தால் தொழில் தெரிந்தவர். எடுத்துப் போக, பிரிக்க, ஒரு டியூபை மட்டும் மாற்ற, போல்ட் வசதி.

எத்தனை ஹெச்.பி. மோட்டார்?

ஆற்றில் மெதுவாகச் சுற்ற 9.9 போதும். நீரோட்டத்தை எதிர்த்து வர, மதியக் கடற்காற்றில் மடக்குக் கூரையோடு திரும்ப, 20 இருந்தால் நிம்மதி. பாண்டூனுக்குக் காற்றுப் பிடிப்பு அதிகம், விரித்த பாய் மாதிரி பக்கவாட்டில் தள்ளும்.

மோட்டாரின் தண்டு நீளத்தைப் பார்க்காமல் வாங்கி நாங்கள் ஏமாந்தோம். மலிவாகக் கிடைத்தது என்று 15 அங்குலத் தண்டு மோட்டாரை மச்சினன் எடுத்துவந்துவிட்டான். அவன் படகுக்கு 20 அங்குலம் வேண்டும். அலை வந்தபோதெல்லாம் விசிறி காற்றை இழுத்துக்கொண்டு இரைந்ததே ஒழியப் படகு நகரவில்லை. அதைத் தள்ளிவிட்டு வேறு வாங்கியதில் மலிவு எல்லாம் போனது. ஓட்டி முடித்ததும் பத்து நிமிஷம் நல்ல தண்ணீரில் மோட்டாரைக் கழுவுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால், ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் தேக்காதீர்கள்.

சின்னதில் சோபா, ஸ்பீக்கர், மடக்குக் கூரை எல்லாம் இருக்கிறதே?

கூரை வேண்டும், வெயில் அப்படி. மற்றதெல்லாம் பின்னால் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். டியூபைப் பின்னால் பெரிதாக்க முடியாது.

வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? குட்டியானையில் ஏறுமா?

முழுப் படகு ஏறாது. பிரித்த சின்னது டாடா 407 லாரியில் டியூபைப் பின்னால் நீட்டிச் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வந்தது. பெரியதுக்கு லாரியும் இறக்க கிரேனும் வேண்டும்.

வாங்கும் முன் இரண்டு இடத்தில் டேப் பிடியுங்கள்: ஆற்றுக்குப் போகும் சந்தின் மிகக் குறுகிய இடம், படகு நிற்கப்போகும் இடம். உப்பங்கழியில் வருஷம் முழுக்கத் தண்ணீரிலேயே கட்டிப்போடும் படகில் சிப்பி அப்பும், ஆனோடு கரையும், ஒயர் கெடும். கரையேற்றி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி வைக்கும் படகு பல வருஷம் கூடுதலாக உழைக்கும். எனவே கரையேற்ற வழியில்லாத பெரிய படகைவிட, கரையேறும் சின்னப் படகு மேல் என்று சொல்ல வேண்டியிருக்கிறது, எனக்குப் பெரியதைத்தான் பிடித்திருந்தாலும்.

முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போகலாமா?

கூடாது. சின்னதும் கூடாது, பெரியதும் கூடாது. தேவனாம்பட்டினத்து மீனவர்கள் அலைவாயைத் தாண்டுவது அவர்கள் கை, அவர்கள் படகு. நமக்கு அது வேலை இல்லை.

லைசென்ஸ், பதிவு ஏதாவது உண்டா?

மோட்டார் வைத்து உள்நாட்டு நீரில் ஓடும் கலன்களுக்கு உள்நாட்டுக் கலன்கள் சட்டம் 2021 இருக்கிறது. 1917-ல் வந்த பழைய சட்டத்தின் இடத்தில் வந்தது. பதிவும் ஆய்வும் அதன் கீழ்தான். அந்தப் பதிவு நாடு முழுக்கச் செல்லும் என்பது நமக்கு வசதி, கடலூர் தமிழ்நாடு, ஆற்றைத் தாண்டினால் பாகூர் புதுச்சேரி. காசு வாங்கி ஆள் ஏற்றுவதாக இருந்தால் அது வேறு கதை, முதலில் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு அப்புறம் படகைப் பாருங்கள். பிச்சாவரம் காப்புக்காடு, ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். சொந்தப் படகு இருக்கிறது என்று இரண்டிலும் இஷ்டத்துக்கு இறக்க முடியாது. உயிர்காப்புச் சட்டை ஆளுக்கு ஒன்று, குழந்தைக்குக் குழந்தை அளவில்.

மழைக்காலத்தில், புயலில் என்ன செய்வது?

கரையேற்றுங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோது கடலூரில் நின்றிருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்தது, காற்று போனதும் ஆபத்து போனது என்று நினைத்தோம். டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரை முக்கியது. அந்தப் பக்கம் சங்கராபரணியிலும் வெள்ளம். புயலுக்கு இறுக்கிக் கட்டிய கயிறு வெள்ளத்தில் படகையே கீழே இழுக்கும். தண்ணீர் ஏற ஏறக் கயிறும் ஏறும்படி, மூங்கில் கம்பத்தில் வளையம் போட்டுக் கட்டுவதுதான் சரி. திருகு மூடிகளை இறுக்கி, பேட்டரி, மோட்டாரைக் கழற்றி வீட்டு மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.

கடைசியில் மச்சினன் எதை வாங்கினான்?

"பெரியதை எடு" என்றுதான் சொன்னேன். அட்வான்ஸ் கொடுக்கப் போகும் காலையில் அவன் வீட்டுச் சந்தில் டேப்போடு நடந்தோம். மின்கம்பத்துக்கும் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கும் நடுவில் 2 மீட்டர் 26. பெரியதின் அகலம் 2.4. கம்பத்தையும் நகர்த்த முடியாது, திண்ணைக்காரரிடமும் கேட்க முடியாது, அவர் இவனுக்குச் சம்பந்தி முறை. சின்னதை வாங்கினான். என் பட்டறையிலேயே 48 போல்டுக்கும் நைலான் வாஷர் மாற்றிக் கொடுத்தேன். ஸ்டீயரிங்குக்கு மேலே பெயிண்டில் "5 பேர் மட்டும்" என்று எழுதியிருக்கிறது. போன பொங்கலுக்கு ஆறாவதாக ஏற வந்தது நான்தான். "மாமா, நீங்க அடுத்த ட்ரிப்" என்றான்.